மூன்று திருகாணிகள் சொல்லும் கதை

அஞ்சல்தலை சேகரிக்கும் நண்பன் ஒருவன் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். ஒரே படமும் ஒரே விலையும் கொண்ட இரண்டு தலைகளை உங்கள் முன்னே வைத்து, "இது சாதாரணம், அது அரிது" என்பான். நீங்கள் உற்றுப் பார்த்தால், ஒன்றின் ஓரத்துளைகள் மற்றதைவிடச் சற்று நெருக்கமாக இருக்கும். அவ்வளவுதான் வேறுபாடு!

இயந்திரப் பொருள்களைச் சேகரிப்பவர்களும் இப்படித்தான். பழைய கடிகாரம், பழைய காமிரா, பழைய தையல் இயந்திரம் ஆகியவற்றில் மிகச் சிறிய மாற்றங்களைக்கூட அவர்கள் கவனிக்கிறார்கள். அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்போர் பலர் உண்டு. அவர்களுடைய மேசைமீது மூன்று ரிவால்வர்கள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். மூன்றும் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. பார்ப்பதற்கும் ஒரே மாதிரி.

முதல் ரிவால்வரின் பக்கவாட்டில் மூன்று திருகாணிகள் தெரிகின்றன. அது 1973-க்கு முன் செய்யப்பட்டது. இரண்டாவதில் திருகாணிகளுக்குப் பதில் இரண்டு முளைகள் உள்ளன. அது 1973-க்குப் பின் செய்யப்பட்டது, முன்னதைவிடப் பாதுகாப்பானது. மூன்றாவதிலும் மூன்று திருகாணிகள் உண்டு. ஆனால் அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, உள்ளுறுப்புகளை மாற்றிப் பாதுகாப்பாக்கியிருக்கிறார்கள்.

சேகரிப்பாளர் எதற்கு அதிக விலை கொடுப்பார்? முதலாவதற்கு! பாதுகாப்புக் குறைந்த பொருளுக்கு ஏன் இந்த மதிப்பு? அந்த மதிப்புக்காக ஒருவர் ஆபத்தை அப்படியே வைத்திருக்கலாமா? இதற்கு விடை காண, முதலில் அந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குதிரையை இழுப்பது யார்?

ரிவால்வரின் நடுவே சுழலும் உருளை ஒன்று இருக்கிறது. அதில் தோட்டாக்களை வைக்கும் அறைகள் உள்ளன. ஆறு அறைகள் இருந்தால், ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே உள்ள கோணம் 360 ÷ 6 = 60 பாகை. உருளைக்குப் பின்னால் சுத்தியல் போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதைத் தமிழில் 'குதிரை' என்பார்கள்.

சில ரிவால்வர்களில் டிரிகரை அழுத்தினாலே குதிரை தானாகப் பின்சென்று, பிறகு முன்னோக்கிப் பாயும். ஆனால் பழைய வகையில் குதிரையை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போதே உருளை 60 பாகை திரும்பி, அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்து நிற்கும். டிரிகர் செய்வது ஒரே ஒரு வேலைதான்: இழுத்து வைத்த குதிரையை விடுவிப்பது. அதனால் இவ்வகைக்கு 'ஒற்றைச் செயல்' ரிவால்வர் என்று பெயர். 1873-ல் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற ரிவால்வர் இவ்வகையைச் சேர்ந்தது.

விளிம்பில் ஒளிந்திருக்கும் தீ

தோட்டா என்பது ஓர் உலோகக் கூடு. அதன் வாயில் ஈயக் குண்டு, உள்ளே வெடிமருந்து. இந்த மருந்தைப் பற்றவைக்க, தட்டினாலே தீப்பொறி தரும் வேறொரு மருந்து தேவை. பெரிய தோட்டாக்களில் அது கூட்டின் அடிப்பாகத்தின் நடுவில் தனிக் கிண்ணத்தில் இருக்கும். சிறிய வகைத் தோட்டாக்களிலோ அது கூட்டின் அடிவிளிம்பு மடிப்புக்குள் வளையமாகப் பூசப்பட்டிருக்கும். விளிம்பின் எந்த இடத்தில் நசுக்கினாலும் தீப்பற்றும். இதுவே 'விளிம்புத் தீ'த் தோட்டா, அதாவது ரிம்ஃபயர்.

விளிம்பு நசுங்க வேண்டுமானால் கூட்டின் உலோகம் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய உலோகம் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இம்முறை சிறிய தோட்டாக்களுக்கே ஏற்றது. இன்றும் பெருமளவில் வழங்கும் 0.22 அங்குலத் தோட்டா, அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது, இவ்வகைதான்.

இதற்கான முதல் அமெரிக்க ரிவால்வரை ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் 1857-ல் வெளியிட்டது. அதில் ஏழு அறைகள். அக்காலத்துத் தோட்டாக் கூடுகள் வெடிக்கும்போது பின்பக்கம் புடைத்துக்கொண்டு, உருளையைத் திரும்பவிடாமல் சிக்கவைத்தன. அதைத் தவிர்க்க, உருளைக்குப் பின்னால் அதனுடன் சேர்ந்து சுழலும் தட்டு ஒன்றைப் பொருத்தினார்கள். பின்னர் வந்த வடிவங்களில் அந்தத் தட்டு நீக்கப்பட்டது. 1860 வரை செய்யப்பட்ட அந்த முதல் பதிப்பின் எண்ணிக்கை பதினோராயிரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அதற்குள்ளேயே ஆறு உள்வகைகளைச் சேகரிப்பாளர்கள் பிரித்து அறிகிறார்கள்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பொருளின் தொடக்க ஆண்டுகளில்தான் மாற்றங்கள் விரைவாக நிகழ்கின்றன. செய்தவர் தவறு காண்கிறார், திருத்துகிறார், மறுபடி தவறு காண்கிறார். ஒவ்வொரு வடிவமும் சில காலமே நீடிப்பதால் எண்ணிக்கை குறைவு. தொடக்கக்கால வடிவங்கள் அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

1953-ல் ஒரு புதிய பழைய துப்பாக்கி

இனி நம் மேசைமீது உள்ள ரிவால்வருக்கு வருவோம். 1949-ல் வில்லியம் ரூகர், அலெக்சாண்டர் ஸ்டர்ம் என்னும் இருவர் கனெக்டிகட் மாநிலத்தின் சௌத்போர்ட் ஊரில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஸ்டர்ம் 1951-ல் இளம் வயதிலேயே காலமானார். ரூகர் தொழிலைத் தொடர்ந்தார்.

அந்நாளில் கோல்ட் நிறுவனம் தன் பழைய ஒற்றைச் செயல் ரிவால்வரைச் செய்வதை நிறுத்தியிருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நின்ற அந்த உற்பத்தி 1956-ல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில், தொலைக்காட்சியில் வந்த 'கௌபாய்' கதைகள் அந்தப் பழைய வடிவத்தின்மீது மக்களுக்கு ஆசையைத் தூண்டின. இந்த இடைவெளியைக் கண்ட ரூகர், 1953-ல் 0.22 அங்குல விளிம்புத் தீத் தோட்டாவுக்கான ஆறு அறை ரிவால்வரை வெளியிட்டார். பெயர் 'சிங்கிள்-சிக்ஸ்'.

வெளித்தோற்றம் பழையது, உள்ளே பல புதுமைகள். கோல்ட் ரிவால்வரில் இருந்த தட்டை வில்கள் நாளடைவில் ஒடியக்கூடியவை. ரூகர் அவற்றை விடுத்துச் சுருள்வில்களை வைத்தார். சுருள்வில்லில் வளைவு கம்பியின் நீளம் முழுவதும் பரவுவதால், ஓரிடத்தில் மட்டும் சுமை சேர்ந்து ஒடிவதில்லை.

சட்டத்தைச் செய்த முறையும் புதிது. முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிம்பு போன்ற தீத்தாங்கும் பொருளைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய எஃகை ஊற்றினார்கள். சுவாமிமலைச் சிற்பிகள் செப்புத் திருமேனிகளை வார்க்கும் முறையின் தத்துவமும் இதுவே! இவ்வாறு வார்த்த உறுப்பைக் கடைந்து செதுக்கும் வேலை மிகவும் குறைவு. ஆகவே விலையும் குறைந்தது.

தட்டைக் கதவும் இலேசான சட்டமும்

இந்த ரிவால்வரில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வலப்பக்கம் உள்ள சிறு கதவின் வழியே இட வேண்டும். 1953 முதல் 1957 வரை இந்தக் கதவு வெறும் தட்டையான தகடாக இருந்தது. பிறகு சட்டத்தின் வளைவோடு இசையும்படி கதவும் வளைவாக்கப்பட்டது. சுடும் திறனில் இதனால் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் 'தட்டைக் கதவு' என்று சொன்னாலே சேகரிப்பாளர்களின் காது கூர்மையாகும். அந்தக் கதவைக் கண்டதும், அந்த ரிவால்வர் உற்பத்தியின் முதல் நான்கைந்து ஆண்டுகளைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடுகிறதல்லவா?

1956-ல் இலேசான வகை ஒன்று வந்தது. எஃகின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 7.8 மடங்கு, அலுமினியத்தின் அடர்த்தி 2.7 மடங்கு மட்டுமே. எனவே சட்டத்தை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சிலவற்றில் உருளையைக்கூட அலுமினியக் கலவையில் செய்து, அதன் மேற்பரப்பில் கடினமான ஆக்சைடு படலத்தை ஏற்றினார்கள். வேறு சிலவற்றில் சட்டம் அலுமினியம், உருளை எஃகு. உருளைதான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகிறது. இந்தச் சிறு தோட்டாவிலேயே அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 1,600 மடங்கு வரை உயரும். இந்த இலேசான வகை 1958-க்குப் பின் தொடரவில்லை. ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளே. ஆகவே இதுவும் அரிது.

1959-ல் இன்னும் வலிமை மிக்க 'மேக்னம்' விளிம்புத் தீத் தோட்டாவுக்கான வடிவம் வந்தது. இந்தத் தோட்டாக் கூடு சற்றுப் பருமன். பருத்த அறையில் மெல்லிய கூட்டை வைத்துச் சுட்டால், சுவரின் தாங்குதல் இன்றிக் கூடு பிளந்துவிடும். அதனால் பிற்பாடு ஒரே ரிவால்வருக்கு இரண்டு தனித்தனி உருளைகளைக் கொடுத்தார்கள்.

இவ்வகை வேறுபாடுகளை ஆராயும்போது சேகரிப்பாளர் ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறார்: ஓர் உறுப்பை மட்டும் நம்பாதே! கதவைக் கழற்றி வேறொன்றில் மாட்டிவிடலாம். ஆனால் கதவு, வரிசை எண், கைப்பிடி, மேற்பூச்சு, எழுத்துகள் ஆகிய எல்லாமே ஒரே காலத்தைச் சுட்டினால் சான்று உறுதியாகிறது. புதைபடிவத்தின் வயதைக் காண அதைச் சூழ்ந்த பாறையையும் ஆராய்கிறார்களே, அதைப் போன்றது இது.

ஆறு அறை, ஐந்து தோட்டா

கதவும் உலோகமும் மாறின. ஆனால் ஒன்று மட்டும் 1973 வரை மாறவில்லை. அதுதான் ஆபத்தானது.

பழைய சிங்கிள்-சிக்ஸில் குதிரை முழுவதும் முன்னே சாய்ந்திருக்கும்போது, அது சுடும் ஊசியின்மேல் நேராகப் படிந்திருக்கும். ஊசிக்கு முன்னால் தோட்டாவின் விளிம்பு. துப்பாக்கி தவறி விழுந்து குதிரையின்மேல் அடிபட்டால், அந்த அடி ஊசிக்கும், ஊசியிலிருந்து விளிம்புக்கும் போகும். யாரும் டிரிகரைத் தொடாமலே துப்பாக்கி வெடிக்கும்.

இதைத் தடுக்கக் குதிரையின் அடியில் ஒரு சிறு வெட்டு இருந்தது. குதிரையைச் சிறிது இழுத்தால், டிரிகரின் நுனி அந்த வெட்டில் மாட்டிக் குதிரையை ஊசியிலிருந்து விலக்கி நிறுத்தும். ஆனால் அது போதுமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

துப்பாக்கியின் நிறை 1 கிலோகிராம், விழும் உயரம் 1 மீட்டர், புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று கொள்வோம். அதன் ஆற்றல் 1 × 10 × 1 = 10 ஜூல். கருங்கல் தரையில் விழுந்து 1 மில்லிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிட்டால், சராசரி விசை 10 ÷ 0.001 = 10,000 நியூட்டன். அதாவது 1,000 கிலோகிராம் பொருளின் எடை! மேலும் குதிரை ஒரு நெம்புகோல். அடிபடும் முனை அச்சிலிருந்து 4 சென்டிமீட்டரிலும், வெட்டு 1 சென்டிமீட்டரிலும் இருப்பதாகக் கொண்டால், முனையில் படும் விசை வெட்டில் நான்கு மடங்காகிறது. விழுந்த தாக்கத்தில் ஒரு பகுதி மட்டுமே குதிரைக்கு வந்தாலும், டிரிகரின் மெல்லிய நுனி ஒடிய அது போதும்.

இதை அறிந்த பழைய தலைமுறையினர் ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டிருந்தார்கள். ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் தோட்டா இட்டு, வெற்றறையைக் குதிரைக்கு நேராக வைத்துக்கொள்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பாதுகாப்பு மனிதனின் நினைவில் இருந்ததே தவிர, இயந்திரத்தில் இல்லை. நினைவு ஒருநாள் தவறும். விபத்துகள் நிகழ்ந்தன. வழக்குகள் தொடுக்கப்பட்டன. இதே அமைப்புள்ள, இதே நிறுவனத்தின் பெரிய ரிவால்வரால் காயமுற்ற ஒருவரின் வழக்கு அலாஸ்கா மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தோட்டாக்களை எடுக்கும்போது துப்பாக்கி கை நழுவியது. அதைப் பிடிக்க முயன்றபோது அது வெடித்துக் காலில் பாய்ந்தது. அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்பதை அந்த நீதிமன்றம் 1979-ல் உறுதி செய்தது.

இடையில் வந்த பாலம்

1973-ல் ரூகர் உள்ளமைப்பை மாற்றினார். குதிரையின் முகப்பில் ஒரு படி வெட்டப்பட்டது. குதிரை முன்னே சாயும்போது அந்தப் படி சட்டத்தில் முட்டி நின்றுவிடும், ஊசியைத் தொடாது. அப்படியானால் சுடுவது எப்படி? டிரிகரோடு இணைந்த ஒரு சிறு பட்டை இருக்கிறது. டிரிகரை முழுவதும் அழுத்தினால் மட்டும் அது மேலெழுந்து குதிரைக்கும் ஊசிக்கும் இடையில் வந்து நிற்கும். குதிரை பட்டையை அடிக்கும். பட்டை ஊசியை அடிக்கும். டிரிகரை விட்டால் பட்டை கீழே இறங்கிவிடும். பாலத்தை எடுத்துவிட்டால் ஆற்றைக் கடக்க முடியாதல்லவா? துப்பாக்கி எப்படி விழுந்தாலும் அடி சட்டத்தோடு நின்றுபோகும்.

இந்த 'இடைப்பட்டை' முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு அன்று. ஐவர் ஜான்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் 1890-களிலேயே தன் மலிவு விலை ரிவால்வர்களில் இதைப் பயன்படுத்தியது. தத்துவம் தெரிந்திருந்தும், பழைய வடிவத்தின்மேல் இருந்த பற்றினால் ஒற்றைச் செயல் ரிவால்வர்களில் பழைய அமைப்பே தொடர்ந்தது. வில்லை மாற்றியவர்கள், வார்ப்பு முறையை மாற்றியவர்கள், இதை மட்டும் இருபது ஆண்டுகள் மாற்றாமல் விட்டார்கள். மரபு அழகானது; ஆனால் மரபையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

புதிய அமைப்பில் மூன்று திருகாணிகளின் இடத்தில் இரண்டு முளைகள் வந்தன. அன்று முதல் 'மூன்று திருகாணி' என்பது பழைய வகையின் அடையாளப் பெயர் ஆயிற்று.

சேகரிப்பாளரின் இக்கட்டு

1982-ல் நிறுவனம் ஓர் அறிவிப்புச் செய்தது. பழைய ரிவால்வர் வைத்திருப்பவர்கள் அதை அனுப்பினால், கட்டணம் இன்றி இடைப்பட்டை அமைப்பைப் பொருத்தித் தருவோம் என்றது. கழற்றிய பழைய உறுப்புகளையும் உரியவருக்கே திருப்பி அனுப்பும்.

இங்கேதான் இக்கட்டு எழுந்தது. உறுப்பை மாற்றினால் 'மூலப்பொருள்' என்னும் தகுதி போய் விலை குறையும். மாற்றாவிட்டால் ஆபத்து அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டிலும் மூன்று திருகாணிகளே தெரியும். திருகாணிகள் வயதைச் சொல்லும். உள்ளே பாதுகாப்பு உண்டா என்பதைச் சொல்லா!

யார் பக்கம் நியாயம்? சேகரிப்பாளரை வெறும் பணத்தாசை உள்ளவர் என்று ஒதுக்கிவிட முடியாது. எல்லாத் துப்பாக்கிகளையும் மாற்றிவிட்டால், 1953-ல் வடிவமைத்தவர்கள் எப்படிச் சிந்தித்தார்கள் என்பதற்குக் கண்ணால் காணும் சான்று மறைந்துவிடும். தவறான வடிவமும் வரலாற்றுச் சான்றே. அதே சமயம், ஒரு மனிதனின் காலையோ உயிரையோ விடப் பெரிய சான்று எதுவும் இல்லை.

விடை பயன்பாட்டில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் தோட்டா இன்றி வைக்கப்படும் பொருள், பிறந்தபடியே இருக்கட்டும். கையில் எடுத்துச் சுடப்படும் பொருளாயின் அதை மாற்றியே தீர வேண்டும். பழைய உறுப்புகளை ஓர் உறையிலிட்டு, வரிசை எண்ணை எழுதி, அதனுடனேயே பாதுகாக்கலாம். அப்படிச் செய்தால் பாதுகாப்பும் கிடைக்கிறது, வரலாறும் அழிவதில்லை. உறையில் உள்ள உறுப்புகளைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு, 'முன்பு இப்படி இருந்தது. இதனால் மாற்றினார்கள்' என்னும் முழுக் கதையும் கிடைக்கிறது. விவரம் அறிந்த சேகரிப்பாளர்களும் பழைய உறுப்புகளோடு வரும் ரிவால்வரையே, அவை இல்லாததைவிட உயர்வாக மதிக்கிறார்கள்.

ஆக, தொடக்கக்கால வேறுபாடு ஒன்றின் மதிப்பு அது அரிது என்பதில் மட்டும் இல்லை. ஒரு பிழை எங்கே இருந்தது, அது எப்போது உணரப்பட்டது, எப்படித் திருத்தப்பட்டது என்று அது நமக்குக் காட்டுகிறது. மூன்று திருகாணிகளைப் பார்க்கும்போது, அவற்றுக்குப் பின்னால் இல்லாத ஒரு சிறு பட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. எட்டு அறைகள் உள்ள உருளை, ஒவ்வொரு முறையும் எத்தனை பாகை திரும்ப வேண்டும்?

2. மேலே கண்ட துப்பாக்கி, மணலில் விழுந்து 5 சென்டிமீட்டர் புதைந்து நின்றால் சராசரி விசை எவ்வளவு? கருங்கல் தரையோடு ஒப்பிட்டு, சைக்கிள் ஓட்டுபவரின் தலைக்கவசத்தில் மென்மையான பொருள் வைப்பதன் காரணத்தைக் கூறுக.

3. உங்கள் வீட்டில் உள்ள பழைய பூட்டு, மண்ணெண்ணெய் அடுப்பு, மின்விசிறிச் சாவி போன்ற ஒன்றை அதன் புதிய வடிவத்தோடு ஒப்பிடுங்கள். எந்த மாற்றம் அழகுக்காக? எது விலைக்காக? எது பாதுகாப்புக்காக? ஒரு தாளில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். மூன்றாவது பத்தியில் எழுதும் ஒவ்வொன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, அந்த மாற்றம் வருவதற்கு முன் என்ன விபத்துகள் நடந்தன என்று கேட்டுப் பாருங்கள்.